கைமாற்றும் வாயடைப்பும்

என் மருமகளுக்கு நான் முப்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். நாற்பத்தொரு நாள். இதை எழுதும்போதே கை கூசுகிறது. அறுபத்தெட்டு வயதில் எவனுக்கும் காலணா பாக்கி வைக்காதவன் நான். வங்கிக்காரர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் கடன் தருவார். அதையும் தவணைக்கு இரண்டு நாள் முன்னாலேயே கட்டி, வட்டி போச்சே என்று அவர் முகத்தைச் சுருங்க வைப்பேன்.

அப்படிப்பட்டவன் எப்படிக் கடன்பட்டேன் என்றால், முதலில் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைப் பற்றி எழுத நியாயமாக அவள் புருஷன்தான் உட்கார வேண்டும். என் பெரியவனுக்கு இயந்திரத்துக்கு எண்ணெய் போட வரும், எழுத வராது. நான் படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் ஐந்து வருஷம் படித்ததில் ஓர் எழுத்தைக்கூட நான் வீணாக்கியதில்லை.

என் தொழில் அட்டைப்பெட்டி. கடைகளின் பின்பக்கம் கிடந்த காலிப் பெட்டிகளைப் பொறுக்கி, மடக்கி, தலையில் சுமந்து விற்று ஆரம்பித்தவன். இன்று மூன்று இயந்திரம், பத்தொன்பது ஆட்கள், மாடி வைத்த கட்டடம். என் பெட்டியை நிற்கவைத்து அதன்மேல் நீங்கள் ஏறி நிற்கலாம். நான் நின்று காட்டியிருக்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன் கிடங்குக் கூரை ஒழுகி நாலாயிரம் பெட்டி கஞ்சியாகிவிட்டது. நஷ்டம் கேட்டுக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு பெண் என் மனுவை வாங்கிப் பார்த்தாள். புரட்டினாள். மறுபடி பார்த்தாள்.

"ஐயா, கம்மியா கேட்டிருக்கீங்க."

"என்னம்மா சொல்ற?"

"பெட்டிக்கு மட்டும்தான் கேட்டிருக்கீங்க. நனைஞ்சதை அள்ளிக் கொட்டின கூலி, லாரி வாடகை, அதையும் கேக்கலாம். பதினேழாம் பக்கத்துல இருக்கு."

பதினேழாம் பக்கத்தில் எறும்பு வரிசை மாதிரி எழுத்து. பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய அதிகாரி அவளைச் சுட்டெரிக்கிற மாதிரி பார்த்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சம்பளம் கொடுக்கிறவனுக்கே நஷ்டம் வந்தாலும் எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான் என்கிற பெண். இந்தத் தலை நம் பக்கம் இருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அடுத்த வாரம் காசோலை வாங்கிவரப் பெரியவனை அனுப்பினேன். அதற்கடுத்த வாரம் வாங்க ஒன்றும் இல்லாமலே அவனாகப் போனான். மீதி தானாக நடந்தது.

வீட்டுக்கு வந்தவள் மருந்துச் சீட்டு, பேருந்துச் சீட்டின் பின்பக்கம் என்று எதையும் விடவில்லை. புது மிக்ஸியோடு வந்த காகிதத்தை ஒரு மணி நேரம் படித்துவிட்டு, "அத்தை, இதை ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஓட்டினா உத்தரவாதம் கிடையாதாம்" என்றாள்.

"முப்பது வருஷமா ஓட்டறேன்டி. எந்த மிக்ஸியும் என்கிட்ட உத்தரவாதம் கேட்டதில்ல" என்றாள் என் வீட்டுக்காரி.

காப்பீட்டு அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் அவள் ஓர் அட்டை ஆட்டம் கற்றுக்கொண்டிருந்தாள். பணம் வைத்து ஆடுகிற சீட்டு இல்லை. படம் போட்ட அட்டைகள். ஒவ்வொன்றிலும் அது என்ன செய்யும் என்று நாலு வரி எழுதியிருக்கும். அறுபது அட்டையை அவரவரே பொறுக்கிச் சேர்த்துக் கட்டாக்கிக்கொண்டு வந்து எதிரெதிரே உட்கார்ந்து மோதுவார்கள். படிக்கப் படிக்கத் தீராத பொடியெழுத்து உள்ள ஆட்டம். அவளுக்குக் கேட்க வேண்டுமா? வேலையை விட்டதும், என் பசை காய்ச்சும் கூடத்துக்கு மேலே சும்மா கிடந்த மாடியைக் கேட்டாள். கொடுத்தேன். பன்னிரண்டு மேசை போட்டாள். ஆட்டத்து அட்டைகளைப் பொட்டலம் பொட்டலமாக விற்றாள். ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்தாள். அவளே நடுவர். ஆட்டத்தில் தகராறு வந்தால் கையைத் தூக்கி "பொடியெழுத்து அக்கா!" என்று கூப்பிடுவார்கள். அதுதான் அவளுக்கு மாடியில் பெயர். இருநூற்றுச் சொச்சம் பக்கமுள்ள விதிப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவாள், திறக்கமாட்டாள்.

இனி சொல்லப்போகிற தகராறு புரிய, ஒரு விதி தெரிய வேண்டும். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்தது.

சில அட்டைகளில் "இது நடந்தால் அது நடக்கும்" என்று இருக்கும். அதை டிரிக்கர் என்கிறார்கள். எலிப்பொறி மாதிரி, தேங்காய்த் துண்டை எலி தொட்டால் கதவு விழும். ஒரு டிரிக்கர் கிளம்பிவிட்டால் பிறகு அந்த அட்டையைக் கிழித்துப் போட்டாலும் அது நிற்காது. தபாலில் போட்ட கடிதம். எழுதியவன் போய்ச் சேர்ந்தாலும் கடிதம் போய்ச் சேரும். அதை நிறுத்த ஒரே வழி, கிளம்பிய டிரிக்கரையே ரத்து செய்வது. அதற்கென்று தனி அட்டை உண்டு. எதிராளி போடும் அட்டையை ரத்து செய்கிற "தடுப்பு" அட்டை அதற்கு உதவாது. அது வேறு, இது வேறு. டிரிக்கரை ரத்து செய்கிற அட்டைக்கு "வாயடைப்பு" என்று பெயர். அபூர்வமான அட்டை, இருப்பவன் இன்னொருவன் கையில் தொடக்கூடக் கொடுக்கமாட்டான்.

மாடி திறந்து இரண்டாம் வருஷ நிறைவுக்குப் பெரிய போட்டி வைத்தாள். காலையிலிருந்து எண்பது பேர். பசை வாடைக்கு மேல் வியர்வை வாடை. மாலையில் நான் மேலே போனபோது போட்டியில் இரண்டே பேர் மிச்சம், மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் என் சின்னவன். கல்லூரியில் ஆறாவது வருஷமாக மூன்றாம் வருஷம் படிக்கிறான். அட்டையில் மட்டும் புலி. இன்னொருத்தி வண்டியில் கூரியர் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்ப்பவள். தலைக்கவசத்தை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் ஆடுவாள். அதனால் "ஹெல்மெட்".

கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு பொங்கியது. நாற்காலிமேல் ஏறினேன்.

"ஜெயிக்கிறவங்களுக்கு முப்பதாயிரம்! என் கைக்காசு!"

கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. சின்னவன் ஜெயிப்பான், வலது பைப் பணம் இடது பைக்குப் போகும் என்று நான் கணக்குப் போட்டேனா? யாராவது அப்படிச் சொன்னால் மறுக்கமாட்டேன்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. சின்னவனிடம் ஏழுதலை ஆமை என்றொரு மிருகம். அதைக் கொண்டுதான் எல்லோரையும் நசுக்கிக்கொண்டு வந்தான். ஹெல்மெட் "கைமாற்று" என்று ஓர் அட்டையைப் போட்டாள். அதில் எழுதியிருந்தது இதுதான்: எதிராளியின் ஒரு மிருகத்தை எடுத்துக்கொள். இந்தச் சுற்று முடியும்போது அதைத் திருப்பிக் கொடு.

ஆமையை எடுத்தாள். அதை வைத்தே அவனை ஓர் அடி அடித்தாள். சுற்று முடிந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம், அதாவது டிரிக்கர் கிளம்பிவிட்டது. சின்னவன் கையை நீட்டினான். அவள் ஆமையைக் கொடுக்காமல் இன்னோர் அட்டையைப் போட்டாள். வாயடைப்பு.

கூட்டம் "ஓ!" என்றது.

"சரி, இந்தச் சுற்றுக்கு வெச்சுக்கோ" என்றான் சின்னவன். "அடுத்த சுற்று முடியும்போது குடுத்துடணும்."

"எதுக்குக் குடுக்கணும்?" என்றாள் ஹெல்மெட்.

இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின. "பொடியெழுத்து அக்கா!" "அண்ணி!"

என் மருமகள் வந்தாள். இரண்டு அட்டைகளையும் பார்த்தாள். கொழுந்தனையும் பார்த்தாள். பின்னால் நின்ற என்னையும் ஒரு தரம் பார்த்தாள்.

"இந்தச் சுற்று முடியும்போதுன்னு எழுதியிருக்கு. அது ஒரே தடவைதான் கேக்கும். கேட்டுச்சு. ரத்தாயிடுச்சு. இனிமே கேக்காது. ஆமை அவங்களுக்குத்தான்."

சின்னவனிடம் ஒரு தடுப்பு அட்டை இருந்திருந்தால் அந்த வாயடைப்பையே தடுத்திருக்கலாம். அதை அவன் ஆரம்பத்திலேயே ஒரு சுண்டெலிக்குச் செலவழித்துவிட்டிருந்தான். இரண்டு சுற்றில் தன்னுடைய ஆமையிடமே மிதிபட்டுச் செத்தான்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"என்னம்மா அநியாயம் இது? கைமாத்து வாங்கினவ, தவணை அன்னிக்குக் குடுத்தவன் வாயைப் பொத்திட்டா கடன் தீந்துடுமா?"

"ஆட்டத்துல தீந்துடும் மாமா."

"என் கட்டடத்துல தீராது! வாங்கினதைத் திருப்பிக் குடுக்காதவளுக்கு என் காசு ஒரு பைசா கிடையாது."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.  கூட்டத்தின் பார்வை என் முதுகில் இடித்தது. ஆனாலும் நான் திரும்பவில்லை. திரும்பிப் பழக்கமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை என் வீட்டுக்காரிதான் சொன்னாள். பரிசை அறிவித்துவிட்டுக் கொடுக்காவிட்டால் நாளைக்கு அந்த மாடிக்கு எவன் வருவான், நடுவர் தீர்ப்பை எவன் மதிப்பான்? மருமகள் தன் அலமாரியைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்திருக்கிறாள். பொட்டலம் விற்ற லாபத்தில் இரண்டு வருஷமாகச் சேர்த்தது, சரியாக முப்பதாயிரம். தலைமை நடுவர் தேர்வு என்று ஒன்று இருக்கிறதாம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, வெளியூரில். அதற்கான கட்டணமும் போய்வரும் செலவும் அந்தப் பணம். அடுத்த மாதம் முப்பதாம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதை எடுத்து ஹெல்மெட்டிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை நான் பசைக் கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"மாமா, நேத்து உங்க பரிசை நான் குடுத்துட்டேன். முப்பதாயிரம் நீங்க எனக்குத் தரணும்."

"தர முடியாதும்மா."

"சரி மாமா."

"இரு, இரு. நீ கேட்டுட்டே. நான் ரத்து பண்ணிட்டேன். உன் சட்டப்படி ஒரு தடவைதானே கேக்க முடியும்? இனிமே கேக்க முடியாதுல்ல?"

எனக்கே என் மூளையைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"மாமா, எண்பது பேருக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன். இவ்ளோ சீக்கிரமா யாருக்கும் புரிஞ்சதில்ல."

பாராட்டா, குத்தலா என்று தெரியாமல் ஒரு மணி நேரம் கொப்பரையைக் கிளறினேன். பசை அடிப்பிடித்துவிட்டது.

அவள் தன் சட்டத்தைத் தானும் மீறவில்லை. மறுபடி கேட்கவே இல்லை. மற்றவர்கள்தான் விடவில்லை. "அண்ணி சொன்னதுதான்பா சரி. நான் தோத்துட்டேன், அவ்ளோதான்" என்றான் சின்னவன். தோற்ற பயலுக்கு வாய் எதற்கு என்றேன். ஹெல்மெட் நாள் தவறாமல் தொழிற்சாலைக்குப் பார்சல் கொண்டுவந்து, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டும்போதெல்லாம், "பேனாவைத் திருப்பிக் குடுத்துடுங்க ஐயா, உங்ககிட்ட வாயடைப்பு அட்டை இல்ல" என்பாள். அது மருமகளின் சேமிப்பு என்று தெரிந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் வந்தாள். மருமகள் வாங்கவில்லை. "ஜெயிச்சது ஜெயிச்சதுதான். போய் வண்டிக்கு டயர் மாத்து" என்று விரட்டிவிட்டாள்.

முப்பதாம் தேதி நெருங்கியது. என் வீட்டுக்காரி சாதத் தட்டை என் முன்னால் டொக்கென்று வைக்க ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணு பரீட்சைக்குப் போகாட்டி இன்னும் மூணு வருஷம் காத்திருக்கணும். தெரியுமில்ல?"

"நியாயம்னு ஒண்ணு இருக்குடி."

"இருக்கட்டும். குழம்பு இல்ல இன்னிக்கு."

இருபத்தொன்பதாம் தேதி பிஸ்கட் கம்பெனியிலிருந்து காசோலை வந்தது. அவர்கள்தான் எங்களுடைய பெரிய வாடிக்கை. மாதம் எட்டாயிரம் பெட்டி. காசோலையில் ஐம்பத்தெட்டாயிரம் குறைந்திருந்தது. காரணம்: சரக்கு இரண்டு நாள் தாமதம்.

தாமதம் உண்மை. பாலம் பழுதாகிச் சாலையை மூடியிருந்தார்கள். ஆனால் சரக்கு இறக்கிய அன்றைக்கே அந்தக் கதை முடிந்துபோயிருந்தது. நான் ஒப்பந்தத்தையும் மருமகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே பிஸ்கட் கம்பெனிக்குப் போனேன். அவர்களுடைய கணக்கு மேனேஜர் குளிரூட்டிய அறையில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, லேட்டுன்னா லேட்டுதானே? நீங்களே சொல்லுங்க, லாரி லேட்டா வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு சார்" என்றாள் மருமகள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் பக்கத்து ஆள் இப்படியா பேசுவது?

அவள் ஒப்பந்தத்தில் ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"லேட்டா வந்தா, இறக்கற அன்னிக்கு நீங்க பிடித்தம் கேட்டு நோட்டீஸ் குடுக்கலாம். குடுத்தீங்க. சாலை மூடினதுக்குச் சான்று காட்டினா அந்த நோட்டீஸ் ரத்து. காட்டினோம். இதோ உங்க கிடங்குக்காரரே ரத்துன்னு முத்திரை வெச்சிருக்கார். கீழ ஒரு வரி இருக்கு பாருங்க. ஒரு லோடுக்கு ஒரு நோட்டீஸ்தான்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அது சரிம்மா... ஆனா நியாயம்னு பாத்தா..."

என்னால் அடக்க முடியவில்லை. மேசையில் ஓங்கி அடித்தேன்.

"என்னய்யா நியாயம்? ஒரு தடவைதான்யா கேக்க முடியும்! கேட்டீங்க, ரத்தாயிடுச்சு! இனிமே எப்படிக் கேப்பீங்க?"

அறைக்கு வெளியே இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் இரண்டு பேரிடம் தொலைபேசியில் பேசினார். அரை மணி நேரத்தில் ஐம்பத்தெட்டாயிரத்துக்கு இன்னொரு காசோலை வந்தது. என் குரலுக்குப் பயந்து கொடுத்தார் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்; ஒன்பதாம் பக்கமும் கொஞ்சம் உதவியிருக்கலாம்.

வண்டியில் ஏறி இரண்டு தெரு தாண்டும் வரை எனக்குக் குஷி. மூன்றாவது தெருவில்தான் நான் கத்தியது எனக்கே திரும்பக் கேட்டது. ஒரு தடவைதான் கேக்க முடியும். இதே சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டபோது அநியாயம் என்றேன். லாரி லேட்டு, உண்மை. ஆமை சின்னவனுடையது, அதுவும் உண்மை. எனக்கு ஐம்பத்தெட்டாயிரம் வருகிறபோது சட்டம். ஹெல்மெட்டுக்கு முப்பதாயிரம் போகிறபோது திருட்டா?

ஓரக்கண்ணால் மருமகளைப் பார்த்தேன். இப்போது சொல்லிக்காட்டுவாள் என்று காத்திருந்தேன். சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவள் காசோலையின் பின்பக்கத்தில் இருந்த பொடியெழுத்தைப் படித்துக்கொண்டு வந்தாள்.  அவள் பேசியிருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். இந்த அறுபத்தெட்டு வருஷத்தில் என்னை அடித்து வீழ்த்தியது இவள் ஒருத்திதான்; அதையும் வாய் திறக்காமல் செய்தாள்.

தொழிற்சாலைக்கு வந்ததும் நேராக அலுவலக அறைக்குப் போய் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். ஐந்நூறு ரூபாய் நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். நான் அந்தப் படிக்கட்டில் கால் வைத்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அவள் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னவனும் ஹெல்மெட்டும் ஒரு மூலையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அட்டைகளை அப்படியே பிடித்தபடி நிமிர்ந்தார்கள்.

"அந்தப் பரீட்சைக்கு நாளைக்குத்தானே கடைசி நாள்?"

"ஆமா மாமா." துடைத்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "ஆனா நான் ரெண்டாவது தடவை கேக்கலையே?"

"நீ கேக்கலம்மா. நீ கேட்டதை ரத்து பண்ணினேன். நானா குடுக்கறதை ரத்து பண்ண உன் புத்தகத்துல ஏதாவது பக்கம் இருக்கா?"

அவள் ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தாள். இருநூற்றுச் சொச்சம் பக்கமும் அவள் கண்ணுக்குள் புரள்வது எனக்குத் தெரிந்தது.

"இல்ல மாமா."

"தீர்ப்பும் சரிதான்" என்றேன், மூலையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "நான்தான் தப்பா கத்தினேன்." தப்பை ஒத்துக்கொள்வதென்று வந்தால் அதையும் எட்டூருக்குக் கேட்கிற மாதிரி செய்வேன், முணுமுணுக்கிற ஆள் இல்லை நான்.

ஹெல்மெட் சின்னவனை முழங்கையால் இடித்தாள். "அப்பா, சத்தமா எண்ணுங்க. நடுவர் முன்னாடி எல்லாம் சொல்லித்தான் செய்யணும்" என்றான் அந்தப் பயல்.

"துணியைக் கீழ வெச்சுட்டு கையை நீட்டும்மா."

நீட்டினாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு நோட்டாக, சத்தமாக எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தேன். நாற்பத்திரண்டில் அவள், "மாமா, ரெண்டு ஒட்டிட்டிருக்கு" என்றாள். பிரித்தேன். ஒட்டித்தான் இருந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது.